மகனுக்கு உதட்டில் நீலம், மாமனாருக்கு விரலில் நீலம்: எதற்கு ஓட வேண்டும்?

கேள்வி: டாக்டர், நாங்கள் கடலூர் முதுநகரில் இருக்கிறோம். ஆற்றுத் திருவிழாவன்று பெண்ணையாற்றில் வெகுநேரம் குளித்துவிட்டு வந்த என் ஆறு வயது மகனுக்கு உதடு நீலமாகிவிட்டது. பயந்துபோய் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். போய்ச் சேருவதற்குள் சரியாகிவிட்டது. ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இன்றுவரை கிண்டல்தான். இன்னொரு பக்கம், என் மாமனாருக்குச் சில மாதங்களாகவே விரல் நுனியும் உதடும் கருநீலமாக இருக்கின்றன. வயது 64, பீடிப் பழக்கம் உண்டு. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிஜன் பார்க்கும் கருவி 88, 89 என்று காட்டுகிறது. “அது பீடிக் கறை, மெஷினும் பழசு” என்கிறார். புதுச்சேரியில் இருக்கும் என் தங்கையின் கைக்குழந்தைக்கு இடுப்புக்குக் கீழே நீலத் திட்டு இருக்கிறது. எந்த நீலத்துக்கு ஓட வேண்டும், எதற்கு ஓட வேண்டாம்?

பதில்: அம்மா, முதலில் அந்தக் கிண்டலுக்கு ஒரு வார்த்தை. குழந்தைக்கு உதடு நீலமானதும் நீங்கள் ஆட்டோ பிடித்ததில் தப்பே இல்லை. ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்வதற்கும்தான் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு மகனைப் பற்றிக் கவலை வரவில்லை, மாமனாரைப் பற்றித்தான் வந்தது. குளிரில் நீலமான பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் ஓடி வருவார்கள். அதே வீட்டில் மாதக்கணக்காக நீலம் பூத்துக் கிடக்கும் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மெதுவாக வருவது கண்ணுக்குப் பழகிவிடுகிறது.

மகன் விஷயத்தை முடித்துவிடுவோம். உடம்பு குளிர்ந்தால் தோலில் ஓடும் சின்ன இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். கை, கால், உதடு, காது மடல் பக்கம் இரத்தம் மெதுவாக ஊர்ந்து போகும். அப்படிப் போகும்போது அந்த இடத்துத் தசை இரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனை வழக்கத்தைவிட அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். மிச்சமிருக்கும் இரத்தம் கருஞ்சிவப்பாகி, தோலுக்கு மேலே நீலமாகத் தெரியும். நுரையீரலிலும் இதயத்திலும் ஒரு கோளாறும் இருக்காது. துவட்டி, உலர்ந்த துணி போட்டு, மடியில் வைத்துக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பிவிடும். உங்கள் மகனுக்கு நடந்தது இதுதான். பையன் தண்ணீருக்குள் மூழ்கி, புரையேறி, வெளியே வந்தும் இருமல் நிற்கவில்லை என்றாலோ, சில மணி நேரம் கழித்து மூச்சு வாங்க ஆரம்பித்தாலோ அது வேறு விஷயம். அப்போது துவட்டிவிட்டுக் காத்திருக்கக் கூடாது, காட்டியாக வேண்டும்.

உங்கள் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்திலேயே இந்தக் குளிர் நீலத்தைப் பார்க்கலாம். விடியற்காலையில் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு மீன் தரம் பிரிக்கும் பெண்களில் சிலருக்கு விரல் முதலில் வெளுத்துப் போகும், அப்புறம் நீலமாகும், வெந்நீரில் நனைத்ததும் சிவந்து விண்ணென்று தெறிக்கும். கையுறையும் சூடும் போதும் என்றால் பயமில்லை. விரல் நுனியில் புண் வந்தாலோ, ஒரு கையில் மட்டும் வந்தாலோ, தோல் இறுகி மூட்டு வலியும் சேர்ந்துகொண்டாலோ டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

சரி, ஆபத்தான நீலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நாக்கை நீட்டச் சொல்லுங்கள். எங்கள் தொழிலில் முதலில் பார்ப்பதும் அதைத்தான். குளிர் நாக்கை அவ்வளவு எளிதில் தொடாது. வாய்க்குள் எப்போதும் வெதுவெதுப்பு இருக்கிறது, இரத்த ஓட்டமும் தாராளமாக இருக்கிறது. விரலும் உதடும் நீலமாக இருந்து நாக்கு நல்ல ரோஜா நிறத்தில் இருந்தால், கோளாறு பெரும்பாலும் அந்தந்த இடத்து இரத்த ஓட்டத்தில்தான். நாக்கும் உதட்டின் உட்பக்கமும் ஈறும் நீலமோ சாம்பலோ ஆகியிருந்தால், உடம்பு முழுக்க ஓடும் இரத்தத்திலேயே ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று பொருள். நுரையீரல், இதயம், அல்லது இரத்தமே என மூன்றில் ஏதோ ஒன்று தவறியிருக்கிறது. திடீரென்று வந்த நாக்கு நீலத்துக்கு 108ஐத் தவிர வேறு யோசனை வேண்டாம்.

பார்க்கும் விதத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆங்கிலப் பாடப்புத்தகத்துப் படங்களில் வெள்ளைத் தோலில் நீலம் பளிச்சென்று தெரியும். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அப்படித் தெரியாது. முகம் சாம்பல் பூசியதுபோல் மங்கும், வெளிறும், அவ்வளவுதான். அதனால் தோலை நம்பாமல் நாக்கு, உள் உதடு, கீழ் இமையின் உட்பக்கம், உள்ளங்கை, நகக்கண் ஆகியவற்றைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நீல நிற இரவு பல்பில் பார்த்தால் வீட்டில் எல்லோருக்குமே நீலம்தான். வெற்றிலை பாக்கு போடுகிறவர் என்றால் வாயைக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள். நாவல்பழம் தின்ற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு, சிரிக்காதீர்கள்.

நீலம் தெரியவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். 100 மில்லி இரத்தத்தில் ஏறக்குறைய 5 கிராம் ஹீமோகுளோபின் ஆக்சிஜன் இல்லாமல் இருந்தால்தான் நீலம் நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். ஹீமோகுளோபின் 15 இருப்பவருக்கு அந்த 5 எளிதில் சேர்ந்துவிடும். 7 மட்டுமே இருப்பவருக்கு? ஆக்சிஜன் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தாலும் நீலம் வராது, வெளுத்துத்தான் இருப்பார். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதாகத் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆக, நம் வீடுகளில் நிறத்துக்காகக் காத்திருப்பது ஆபத்தான பழக்கம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? மூச்சை. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் இரண்டிரண்டு சொல்லாகப் பேசுகிறாரா? படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து, கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு மூச்சு விடுகிறாரா? கழுத்துத் தசை விம்முகிறதா, நெஞ்சு வலியோடு குளிர்ந்த வியர்வை கொட்டுகிறதா? பேச்சு குழறி, சம்பந்தமில்லாமல் பேசி, தூங்கித் தூங்கி விழுகிறாரா? கடைசியில் சொன்னதைத்தான் வீட்டில் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இரவு முழுக்க இளைத்தவர் விடியற்காலையில் அமைதியானதும் “அப்பாடா, தூங்கிட்டார்” என்று விட்டுவிடுவார்கள். மூச்சுத் தசை ஓய்ந்து, கரியமில வாயு தலைக்கேறி வந்த மயக்கமாகவும் அது இருக்கலாம். ஆஸ்துமாக்காரருக்கு வீசிங் சத்தம் திடீரென்று நின்று, ஆள் மட்டும் தளர்ந்துகொண்டே போனாலும் அப்படித்தான். அது குணமல்ல. சத்தம் வருகிற அளவுக்குக்கூடக் காற்று உள்ளே போகவில்லை.

குழந்தைகளுக்கு நாசி விடைப்பது, விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுவது, மூச்சு விடும்போது முனகுவது, பால் குடிக்க முடியாமல் விடுவது, இவையெல்லாம் நீலத்துக்கு முன்பே வரும். சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலே அது வேகமான மூச்சு. அழும்போது எண்ணாதீர்கள்.

உங்கள் தங்கை குழந்தையின் நீலத் திட்டு பெரும்பாலும் பிறவி மச்ச வகை. நம் நாட்டுக் குழந்தைகளுக்கு இடுப்பு, புட்டம் பக்கம் சர்வசாதாரணம். அழுத்தினாலும் நிறம் மாறாது, வலிக்காது, வளர வளர மங்கும். தடுப்பூசி போடப் போகும்போது ஒருமுறை டாக்டரிடம் காட்டி, அட்டையில் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், போதும். பிறந்த ஓரிரு நாளில் உள்ளங்கை உள்ளங்கால் நீலமாக இருப்பதும் இயல்புதான்.

ஆனால் பால் குடிக்கும்போதோ அழும்போதோ நாக்கும் உதடும் கருநீலமாகிற குழந்தை வேறு. பிறவி இதயக் கோளாறு இருக்கலாம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளையாக இருந்தால் ஓடி விளையாடுகிறபோது நடுவில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்ளும். யாரும் சொல்லித்தராமலே தன் உடம்புக்கு எது சுகம் என்று அது கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அப்படி உட்காரும்போது நுரையீரலுக்குப் போகும் இரத்தம் கூடுகிறது. கைக்குழந்தைக்கு அந்த நீலம் திடீரென்று முற்றினால், இரண்டு முழங்காலையும் மடக்கி மார்போடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டு, பதறாமல், அழவிடாமல் கிளம்புங்கள். இதற்கு அறுவை சிகிச்சை உண்டு, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் செய்கிறார்கள். பணம் இல்லை என்று தள்ளிப்போட வேண்டியதில்லை.

வீல் என்று அழுது, மூச்சை அடக்கி, நீலமாகி, சில நொடி துவண்டு, தானே தெளியும் பிள்ளைகளும் உண்டு. ஒரு வயது இரண்டு வயதில் அதிகம். முதல் தடவை கட்டாயம் காட்டுங்கள், வலிப்போ இதயக் கோளாறோ இல்லை என்று உறுதியாக வேண்டும். இரும்புச்சத்துக் குறைவும் ஒரு காரணமாக இருக்கும், அதைச் சரிசெய்தால் பலருக்குக் குறைகிறது. கையில் நிலக்கடலையோ பலாக்கொட்டையோ வைத்துத் தின்றுகொண்டிருந்த பிள்ளை சத்தமே இல்லாமல் நீலமானால் அது அடைப்பு. குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. வெளியே வராவிட்டால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்ளே மேல்நோக்கி அழுத்தம். ஒரு வயதுக்குள் என்றால் வயிற்றை அழுத்தாதீர்கள், தலை தாழ்வாக இருக்கும்படி பிடித்து முதுகில் ஐந்து, மார்பில் ஐந்து. கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் தோண்ட வேண்டாம், இன்னும் உள்ளே போய்விடும்.

விவசாயம் நடக்கும் நம் மாவட்டத்தில் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு நீலம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. பூ பிடிக்க வேண்டும் என்று கத்தரி, மிளகாய், பூந்தோட்டங்களில் அடிக்கிறார்களே, சில கலவைகளில் நைட்ரோபென்சீன் இருக்கும். தெரிந்தோ தெரியாமலோ அதைக் குடித்தவர், மேலே கொட்டிக்கொண்டு கழுவாமல் விட்டவர், சில மணி நேரத்தில் நாக்கு முதல் நகம் வரை நீலமாக வருவார். மூச்சு அவ்வளவாக வாங்காது. ஆக்சிஜன் கொடுத்தாலும் கருவி 85ஐச் சுற்றியே நிற்கும். ஊசி போட்டு இரத்தம் எடுத்தால் சிரிஞ்சில் சாக்லேட் நிறத்தில் வரும், காற்றுப் பட்டாலும் சிவக்காது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி உருமாறிவிட்டது. இதற்கு மாற்று மருந்தே ஒரு நீலச் சாயம்தான், மெத்திலீன் ப்ளூ. நரம்பில் ஏற்றினால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் நிறம் திரும்பும். எல்லோருக்கும் அது ஒத்துக்கொள்ளாது, ஆகவே மருத்துவமனையில்தான் போட வேண்டும். தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன் மாத்திரையாலும், சாயத் தொழிற்சாலை அனிலினாலும், நைட்ரேட் மிகுந்த கிணற்றுத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்த கைக்குழந்தைக்கும் இதே நிலை வரலாம். வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது ஒன்று, செய்யக் கூடாதது ஒன்று. மருந்து பாட்டிலைக் கையோடு எடுத்து வாருங்கள். சோப்புத் தண்ணீர், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

ஒரு காலோ ஒரு கையோ மட்டும் திடீரென்று வெளுத்து, நீலமாகி, சில்லிட்டு, தாங்க முடியாமல் வலித்தால் அங்கே இரத்தக் குழாய் அடைபட்டிருக்கலாம். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் திறந்தால்தான் காலைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. சர்க்கரைக்காரர்கள், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள் இதைத் தைலம் தேய்த்துப் பார்க்க வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி நீலம் பாய்ந்தாலும் நீவி விடாதீர்கள். உள்ளே இருக்கும் இரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும்.

இனி உங்கள் மாமனார். பீடிக் கறை விரலின் மேல்தோலில் மஞ்சளும் பழுப்புமாகப் படியும், நகக்கண்ணுக்குக் கீழே கருநீலமாகப் படியாது. மெஷின் பழசு என்பதற்குப் பதில் எளிது, நீங்கள் உங்கள் விரலை வைத்துப் பாருங்கள். உங்களுக்கு 97, 98 காட்டிவிட்டு அவருக்கு 88 காட்டினால் மெஷின் மேல் பழி இல்லை. அவருக்குப் பார்க்கும்போது கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார வைத்து, எண் ஒரே இடத்தில் நிற்கும் வரை பொறுத்துப் பாருங்கள். குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சிலும் மருதாணியிலும் அளவு தப்பும். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சில எண்கள் கூட்டிக் காட்டுவதும் உண்டு. அதாவது 89 என்றால் அதைவிடக் கீழேயும் இருக்கலாம்.

நாள்பட்ட பீடி, மாதக்கணக்கில் நீலம் என்று சேர்த்துப் பார்த்தால் நுரையீரல் அடைப்பு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். அவருடைய நகத்தின் அடிப்பகுதி புடைத்து, நகம் உருண்டு வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடைப்பு நோய் மட்டும் இருந்தால் நகம் அப்படி ஆகாது. ஆகியிருந்தால் புற்றுநோய் உட்பட வேறு காரணங்களையும் தேட வேண்டும், எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடக் கூடாது. சூடான விரலிலும் 90க்குக் கீழே இருந்தால் இன்றைக்கே கூட்டிப் போங்கள். பேச்சு குழறுகிறது, தூங்கி வழிகிறார், நெஞ்சு வலிக்கிறது, மூச்சு நேற்றைவிட மோசம் என்றால் அந்த நிமிடமே 108.

யாரோ சொன்னார்கள் என்று ஆக்சிஜன் சிலிண்டரை வாடகைக்கு எடுத்து வந்து முழுசாகத் திறந்துவிடாதீர்கள். இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு நாங்களே பெரும்பாலும் 88க்கும் 92க்கும் நடுவில் நிற்கும்படி அளந்துதான் கொடுப்போம். அளவு மீறினால் சிலருக்குக் கரியமில வாயு ஏறி மயக்கம் வரும். சிலிண்டர் பக்கத்தில் பீடி பற்றவைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், கடலூர்க்காரர்களிடம் எனக்கு ஒரு பழைய வருத்தம். மூச்சுத் திணறுகிறவரை வாடகைக் காரில் போட்டுக்கொண்டு, மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அரசு தலைமை மருத்துவமனையைத் தாண்டி “நேரா ஜிப்மர் போயிடலாம்” என்று கிளம்பிவிடுகிறார்கள். ஜிப்மர் நல்ல இடம்தான், ஆனால் அது கோரிமேட்டில் இருக்கிறது. கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நெரிசலில் ஊர்ந்து, புதுச்சேரி நகரையும் தாண்டிப் போக வேண்டும். காரில் ஆக்சிஜன் கிடையாது. நாக்கு நீலமானவருக்கு முதலில் வேண்டியது ஆக்சிஜன், பெரிய ஆஸ்பத்திரி அடுத்தபடி. பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே இறங்குங்கள், மூச்சைச் சீராக்கி அவர்களே ஆம்புலன்ஸில் மேலே அனுப்புவார்கள். புதுச்சேரிப் பக்கமும் எண் 108தான். போன் எடுத்ததும் “நாக்கு நீலமா இருக்கு, மூச்சு வாங்குது” என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் முகவரி அடையாளம் சொல்லுங்கள்.

வண்டி வரும்வரை சாய்த்து உட்கார வையுங்கள், நினைவு இருக்கும்போது மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டாம். காபி, சோடா, மாத்திரை எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். டாக்டர் கொடுத்த இன்ஹேலர் பம்பு இருந்தால் அடிக்கலாம். நினைவிழந்து மூச்சும் நின்றுவிட்டால் நெஞ்சுக்கு நடுவில் இரண்டு கையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை அழுத்திக்கொண்டே இருங்கள். கடலிலோ ஆற்றிலோ மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்குவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் வீண். மூச்சு நின்றிருந்தால் முதலில் வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதுங்கள், அப்புறம் நெஞ்சு அழுத்தம்.

மாமனாரை அழைத்துப் போகும்போது பழைய எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு, ஒவ்வொரு வேளையும் பார்த்த ஆக்சிஜன் அளவு எழுதிய தாள், இவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பீடியை நிறுத்தச் சொல்வார்கள் என்று அவர் வர மறுத்தால், சளிப் பரிசோதனைக்கு என்று சொல்லிக் கூட்டிப் போங்கள். அது பொய்யும் இல்லை, சளியையும் பார்க்கத்தான் போகிறார்கள்.